ஏட்டுப் பிரெஞ்சும் வீட்டுப் பிரெஞ்சும்

ஒரு மொழி கற்கத் தகுந்தது என்று ஒரு நாடு முடிவு செய்துவிட்டால், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கும் அந்நாட்டில் மதிப்பு உண்டாகும் என்று எண்ணுவது இயல்பு. வரலாறு எப்போதும் அவ்வாறு நடப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிரெஞ்சு மொழிக்கு நேர்ந்த கதை இதற்கொரு தக்க சான்று.

அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் மேல்நிலைப் பிரெஞ்சு என்பது நெடுங்காலமாகத் தேர்ந்த மாணாக்கர் பயிலும் பாடம். பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறக்கும் திறவுகோல்களுள் ஒன்றாக அது கருதப்பட்டது. அதே நாட்டில், அதே ஆண்டுகளில், வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் அம்மொழியைப் பேசியதற்காகத் தண்டனை பெற்றார்கள். ஒரே மொழி ஓரிடத்தில் பெருமையாகவும் மற்றோரிடத்தில் குற்றமாகவும் ஆனது எவ்வாறு? மொழி ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டிய வினா இது.

நான்கு ஆண்டுப் பாடம்

அமெரிக்கா குடியேற்ற நாடாக இருந்த காலத்தில் கல்வி என்றால் இலத்தீனும் கிரேக்கமுமே. பெஞ்சமின் பிராங்க்ளின் 1749-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் ஒரு கல்விக்கழகம் அமைக்கத் திட்டம் வகுத்தபோது, வணிகராக விரும்புவோர் பிரெஞ்சு முதலிய மொழிகளைக் கற்கலாம் என்று எழுதினார். பெண்களுக்கான பள்ளிகளில் இசையோடும் தையலோடும் பிரெஞ்சும் ஓர் அணிகலனாகச் சேர்ந்தது. வணிகனுக்குக் கருவி, நங்கைக்கு நகை. அவ்வளவே அதன் நிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஹார்வர்டு கல்லூரியில் புதுமொழிகளுக்கென ஒரு பேராசிரியர் பதவி உருவாயிற்று. ஜார்ஜ் டிக்னரும், அவருக்குப் பின் கவிஞர் லாங்பெல்லோவும் அதில் அமர்ந்தனர். 1883-ஆம் ஆண்டு புதுமொழிப் பேராசிரியர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். அச்சங்கம் அமைத்த பன்னிருவர் குழு 1898-ஆம் ஆண்டு அளித்த அறிக்கைதான், உயர்நிலைப் பள்ளியில் மேல்நிலைப் பிரெஞ்சு என்றால் என்ன என்று நாடு முழுமைக்கும் முதன்முதலாக வரையறுத்தது.

அக்குழு பிரெஞ்சுப் பாடத்தைத் தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை என மூன்றாக வகுத்தது. தொடக்கநிலைக்கு இரண்டு ஆண்டுகள், இடைநிலைக்கு மேலும் ஓராண்டு, மேல்நிலைக்கு மற்றோராண்டு, ஆக நான்கு ஆண்டுகள். மேல்நிலை மாணவன் 600 முதல் 1,000 பக்கங்கள் வரை தரமான பிரெஞ்சு நூல்களைப் படித்திருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டுக்கு முற்படாத கடின நூலையும் பார்த்தவுடன் படித்துப் பொருள் உணர வேண்டும். படித்த நூல் பற்றிப் பிரெஞ்சில் சிறு கட்டுரை எழுதவும், எளிய ஆங்கில உரைநடையைப் பிரெஞ்சில் பெயர்க்கவும், எளிய உரையாடல் நிகழ்த்தவும் வல்லவனாக வேண்டும்.

இப்பட்டியலில் உரையாடல் கடைசியில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சுத்திறன் பள்ளிக் கல்வியின் தலையாய நோக்கமன்று என்பதே குழுவின் கருத்து. இலத்தீனுக்கு நிகரான அறிவுப் பயிற்சி பிரெஞ்சிலும் உண்டு என்று நிலைநாட்டப் புகுந்தவர்கள், பிரெஞ்சையும் இலத்தீனைப் போலவே கற்பிக்கத் துணிந்தார்கள். கார்னெய், ரசீன், மோலியேர் ஆகியோரின் நாடகங்கள் வரிவரியாக மொழிபெயர்க்கப்பட்டன. உயிருள்ள மொழி, பேசுவாரில்லாத மொழியின் ஆடையை உடுத்திக்கொண்டு மேல்நிலை வகுப்பில் நுழைந்தது.

போர் செய்த மாற்றம்

1915-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளி மாணாக்கருள் நூற்றுக்கு 24.4 பேர் ஜெர்மன் கற்றனர். பிரெஞ்சு கற்றவர் 8.8 பேரே. 1917-ஆம் ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஜெர்மன் பகைவரின் மொழி ஆயிற்று. மாநிலம் மாநிலமாக அது பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டது. 1922-இல் ஜெர்மன் கற்றவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, விழுக்காடு 0.6. பிரெஞ்சோ 15.5 விழுக்காட்டுக்கு ஏறியது. நட்பு நாட்டின் மொழி என்ற பெருமையால் பிரெஞ்சு வகுப்புகள் நிரம்பின.

இந்த ஆர்வத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஜெர்மன் மீது எழுந்த சினம், ஆங்கிலமல்லாத எல்லா மொழிகள் மீதும் பாய்ந்தது. நெப்ராஸ்கா மாநிலம் 1919-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. எட்டாம் வகுப்பைத் தேறாத பிள்ளைக்கு எந்த அயல்மொழியையும் கற்பித்தல் குற்றம் என்பது அதன் விதி. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்பித்ததற்காக 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டார். அவர் பணியவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923-ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. ஆசிரியனின் கற்பிக்கும் உரிமையும், பெற்றோர் தம் பிள்ளையின் கல்வியை நெறிப்படுத்தும் உரிமையும் அத்தீர்ப்பில் இடம்பெற்றன.

இச்சட்டத்தின் உட்பொருளை எண்ணிப் பார்த்தால் முதலில் எழுந்த வினாவுக்குப் பாதி விடை கிடைக்கும். எட்டாம் வகுப்புக்குப் பின் ஒருவன் அயல்மொழியைப் பாடமாகப் படித்தால் அது கல்வி. அதற்கு முன், தாய் பேசிய மொழியில் ஒரு குழந்தை எழுத்தறிந்தால் அது குற்றம். சட்டம் அஞ்சியது மொழியை மட்டுமன்று. அம்மொழியோடு பிறந்த பிள்ளை அதனோடு வளர்ந்துவிடுவான் என்பதையே அது பெரிதும் அஞ்சியது.

முற்றத்தில் தண்டனை

பிரெஞ்சுக்கு இது நேர்ந்த இடங்கள் இரண்டு. வடகிழக்கில் மெய்ன் மாநிலமும் அதைச் சூழ்ந்த பகுதியும் ஒன்று. தெற்கில் லூசியானா மற்றொன்று.

1840 முதல் 1930 வரை ஏறத்தாழ 9 இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் பிழைப்புத் தேடி எல்லை தாண்டி அமெரிக்கா வந்தனர். மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் முதலிய ஆலை நகரங்களில் நூற்பாலைகளைச் சுற்றி அவர்கள் குடியிருந்தனர். 1919-ஆம் ஆண்டு அம்மாநிலம் பள்ளிகளில் பயிற்று மொழி ஆங்கிலமே என்று சட்டம் செய்தது. மொழிப்பாடமாகப் பிரெஞ்சைக் கற்பிப்பதை அது தடுக்கவில்லை. ஆகவே ஆலைத் தொழிலாளியின் மகன் மதிய இடைவேளையில் தன் தம்பியோடு பேசினால் கண்டிக்கப்படுவான். அதே கட்டடத்தின் வேறோர் அறையில் ஆங்கிலேயக் குடும்பத்துப் பிள்ளை அதே மொழியின் வினைத்திரிபுகளை ஒப்பித்து மதிப்பெண் பெறுவான். அச்சட்டம் 1960-களில்தான் நீங்கியது.

லூசியானாவின் கதை இன்னும் நெடியது. கனடாவின் கிழக்குக் கரையில் அக்கேடியா என்னும் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு உழவர்களைப் பிரிட்டிஷார் 1755-ஆம் ஆண்டு முதல் நாடு கடத்தினர். அவர்களுள் பலர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினர். ‘அக்கேடியன்’ என்ற சொல்லே மருவிக் ‘கேஜன்’ ஆயிற்று. அவர்களோடு கிரியோல் மக்களும், ஹூமா முதலிய பழங்குடியினரும் பிரெஞ்சைத் தம் மொழியாகக் கொண்டனர். 1916-இல் அங்கே கட்டாயக் கல்வி வந்தது. 1921-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, அரசுப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று விதித்தது.

பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. வெளியே செல்ல அனுமதி கேட்கவும் சொல் இல்லாமல், இருந்த இடத்திலேயே ஆடை நனைந்து அழுத குழந்தைகளைப் பற்றி முதியோர் பலர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். பிரெஞ்சு பேசியவர்கள் முழந்தாளிட்டார்கள், பிரம்படி பட்டார்கள், இனிப் பள்ளியில் பிரெஞ்சு பேசமாட்டேன் என்று கரும்பலகையில் நூறு முறை எழுதினார்கள். தண்டித்த ஆசிரியர்களுள் பலரும் கேஜன் குடும்பத்தில் பிறந்தவர்களே என்பது இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி. பிள்ளையின் நன்மைக்கே செய்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் மக்கள் அத்துன்பம் படலாகாது என்று வீட்டில் ஆங்கிலமே பேசினார்கள். சட்டத்தால் முற்றத்தில் தொடங்கியது, அன்பினால் அடுக்களையில் முடிந்தது.

கதவடைப்பும் கதவு திறந்தோரும்

தாய்மொழியாளனைத் தண்டிப்பது ஒரு வகை அநீதி. உயர்கல்விக்கு நீ தகுதியற்றவன் என்று கதவடைப்பது மற்றொரு வகை. மேல்நிலைப் பிரெஞ்சின் வரலாற்றில் இரண்டாவதும் உண்டு.

கறுப்பின மக்களுக்குக் கைத்தொழிற் கல்வியே போதும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றிருந்தது. அக்கருத்தை எதிர்த்து நின்ற பள்ளிகளுள் தலையாயது வாஷிங்டன் நகரின் எம் தெரு உயர்நிலைப் பள்ளி. 1916-இல் அது டன்பார் உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் பெற்றது. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார் 1902 முதல் 1906 வரை அதன் தலைமையாசிரியராக இருந்தார். தம் மாணாக்கர் பல்கலைக்கழகம் செல்லத்தக்க பாடத்திட்டத்தைக் குறைக்க அவர் உடன்படவில்லை. பதவியை இழந்தார். ஆயினும் சில ஆண்டுகளில் ஆசிரியராக அப்பள்ளிக்கே திரும்பினார். 1925-ஆம் ஆண்டு, தம் அறுபத்தாறாம் வயதில், பாரிஸ் சார்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை குறித்துப் பிரான்சு கொண்டிருந்த நிலையே அவரது ஆராய்ச்சிப் பொருள். ஆய்வுரை பிரெஞ்சிலேயே அமைந்தது.

அதே பள்ளியில் ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற எழுத்தாளரும் பல ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்தார். கவிஞர் கவுன்ட்டீ கலன் 1934 முதல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தார். அப்பள்ளியில் பயின்ற ஜேம்ஸ் பால்ட்வின் 1948-இல் பாரிஸ் சென்று உலகறிந்த எழுத்தாளரானார். இவர்கள் கையில் மேல்நிலைப் பிரெஞ்சு வெறும் அணிகலனாக இருக்கவில்லை. தம் நாட்டில் அடைபட்ட கதவுக்கு அப்பால் வேறோர் உலகம் உண்டு என்று காட்டும் சாளரமாக அது இருந்தது. மேல்நிலைப் பாடம் என்பது மேல்நிலையில் பிறந்தோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இவர்கள் மெய்ப்பித்தார்கள்.

நாவை நாடிய காலம்

பள்ளிகளின் பொதுநிலை வேறாக இருந்தது. ஆல்ஜெர்னான் கோல்மன் 1929-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான மாணவர் இரண்டு ஆண்டுகளே மொழி பயில்வதைச் சுட்டி, அக்காலத்துக்குள் அடையத்தக்க ஒரே நோக்கம் வாசிப்பே என்று கூறியது. மூன்றாம் நான்காம் ஆண்டு வகுப்புகள் சிறுத்தன. 1949-இல் பிரெஞ்சு பயின்றோர் 4.7 விழுக்காடாகத் தேய்ந்தனர்.

இரண்டாம் உலகப் போர் இக்கல்வியின் குறையை வெளிப்படுத்தியது. ஏட்டில் வல்லவர்கள் களத்தில் ஊமைகளாயினர். அமெரிக்கப் படை 1943-இல் தனிப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, தாய்மொழியாளரைப் பக்கத்தில் அமர்த்திப் பேச்சு மொழியைக் கற்பித்தது. பிரான்சில் இறங்கிய படைகளில் இருந்த கேஜன் இளைஞர்களோ அத்தகைய பயிற்சி ஏதுமின்றியே மொழிபெயர்ப்பாளர்களாகப் பணியாற்றினர். எந்த நாவுக்காகப் பள்ளியில் அடிபட்டார்களோ, அந்த நாவே போர்க்களத்தில் நாட்டுக்குப் பயன்பட்டது.

போருக்குப் பின் இரண்டு முயற்சிகள் மேல்நிலை வகுப்புக்குப் புத்துயிர் ஊட்டின. கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முதலியோர் 1950-களின் தொடக்கத்தில், திறமுள்ள மாணவர் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படிக்க வழி வகுத்தனர். அதனைக் ‘காலேஜ் போர்டு’ எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் ஏற்றுக்கொண்டது. ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்ற அத்தேர்வை 1956-ஆம் ஆண்டு 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர் எழுதினர். பாடங்களுள் பிரெஞ்சும் ஒன்று. அடுத்த ஆண்டு சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அதிர்ந்த அமெரிக்கா 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, மொழிக் கூடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் அளித்தது. ஒலிநாடாவும் காதொலிப்பானும் வகுப்பில் நுழைந்தன. கேட்டுச் சொல்லும் பயிற்சியே முதன்மை பெற்றது. 1959-இல் ஜேம்ஸ் கானன்ட் தம் நூலில், அறிவாற்றல் மிக்க மாணவர் ஒவ்வொருவரும் ஒரே அயல்மொழியை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கற்க வேண்டும் என்றும், எத்துணைச் சிலரே சேரினும் பள்ளி நான்காம் ஆண்டு வகுப்பை நடத்த வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்.

ஒலிநாடாவில் பாரிஸ் நகரின் குரல் ஒலித்தது. லூசியானாவில் பக்கத்து வீட்டில் ஒலித்த குரல் அதில் ஒலிக்கவில்லை. வகுப்பில் இருந்தவனுக்கு ஏடு இருந்தது, நா இல்லை; வீட்டில் இருந்தவனுக்கு நா இருந்தது, ஏடு இல்லை. இருவரையும் ஒரே பலகையில் அமர்த்தியிருந்தால் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகியிருப்பர்.

மீட்சியும் அதன் சிக்கலும்

லூசியானாவில் 1968-ஆம் ஆண்டு ‘கோடோஃபில்’ என்ற பிரெஞ்சு வளர்ச்சிக் கழகத்தை மாநில அரசு நிறுவியது. அதன் தலைவர் ஜேம்ஸ் டொமெஞ்சோ பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் ஆகிய இடங்களிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் அயலிலிருந்து வந்த ஆசிரியர் கற்பித்த சொல் ஒன்று, பாட்டி சொன்ன சொல் வேறு. தண்டனை போய்த் திருத்தம் வந்தது. பாட்டியின் பேச்சு இப்போதும் பிழையாகவே நின்றது.

இதற்கு விடையாக, குரோலி நகரின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் டொனால்டு ஃபாக் 1977-இல் கேஜன் பிரெஞ்சுக்கென்றே ஒரு பாடநூல் எழுதினார். பேச்சை ஆங்கில ஒலிமுறையில் எழுதிக் காட்டியது அந்நூல். பிரெஞ்சு எழுத்துமுறையை விட்டால் பிள்ளைகள் உலகப் பிரெஞ்சு நூல்களை எவ்வாறு படிப்பர் என்று டொமெஞ்சோ கடுமையாக எதிர்த்தார். இருவர் பக்கத்திலும் உண்மை இருந்தது. வீட்டுப் பேச்சை மதியாத கல்வி வேரற்றது. ஏட்டு மரபைத் துறந்த கல்வி கிளையற்றது. 1980-இல் லூசியானாக் கவிஞர்களின் தொகுப்பு நூல் ஒன்று பிரெஞ்சில் வெளிவந்தது. பேச்சின் உயிரையும் எழுத்தின் ஒழுங்கையும் சேர்த்துப் பிடிக்க முடியும் என்று அந்நூல் காட்டியது. அப்பத்தாண்டிலேயே எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சில் கற்பிக்கும் வகுப்புகள் அம்மாநிலத்தில் தோன்றின. பின்னர் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவற்றில் பயின்றனர். பழங்குடியினர் வாழும் பாயின்ட்-ஓ-ஷியன் பகுதியில் உள்ளூர்ப் பள்ளி 2021-இல் மூடப்பட்டபோது பெற்றோர் போராடினர். 2023-ஆம் ஆண்டு அங்கே பிரெஞ்சுவழிப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது.

நாடளாவிய மேல்நிலைத் தேர்வும் மாறியது. பிரெஞ்சு இலக்கியத்துக்கெனத் தனியே நடந்த தேர்வு 2009-ஆம் ஆண்டோடு நின்றது. மொழித் தேர்வு 2012-ஆம் ஆண்டு முதல் புது உருவம் பெற்றது. குடும்பம், அறிவியல், அழகுணர்வு, உலகச் சிக்கல்கள் முதலிய ஆறு பொருள்களைப் பிரெஞ்சு பேசும் பல நாடுகளின் வாழ்வோடு இணைத்து மாணவர் கற்கலாயினர். ரசீனை நிறுத்தி நிதானமாகப் படிக்கும் பழக்கம் குறைந்தது ஓர் இழப்பு. பாரிஸ் மட்டுமே பிரெஞ்சன்று என்ற தெளிவு பிறந்தது ஓர் ஆக்கம். ஆயினும் தேர்வின் அளவுகோலை அமைக்கையில், வீட்டில் அம்மொழியைப் பேசி வளர்ந்தோரைத் தனியே பிரித்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. வகுப்பில் கற்றோர்க்கு நேர்மை செய்வதே அதன் நோக்கம். ஆனால் ‘இயல்பான மாணவன்’ என்பவன் அம்மொழி பேசாத வீட்டிலிருந்து வருபவனே என்ற பழைய எண்ணத்தின் நிழல் அதில் இன்னும் தெரிகிறது.

வரலாறு உணர்த்துவது

இந்நெடிய வரலாற்றிலிருந்து மொழி ஆசிரியர் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, ஒரு மொழிக்குப் பள்ளி தரும் மதிப்பு வேறு, அதைப் பேசும் மக்களுக்குத் தரும் மதிப்பு வேறு. முன்னது இருப்பதால் பின்னதும் இருக்கும் என்று கருதிவிடலாகாது. இரண்டாவது, மேல்நிலைக் கல்வியை இன்னார்க்கே உரியது என்று வரையறுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை; கூப்பர் அம்மையாரின் மாணாக்கர் அதற்குச் சான்று. மூன்றாவது, வீட்டு மொழியிலிருந்து ஏட்டு மொழிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வதே ஆசிரியன் தொழில். முன்னதை இழித்துப் பின்னதைப் புகட்ட முயன்ற இடத்தில் ஒரே தலைமுறையில் இரண்டும் இழக்கப்பட்டன.

லூசியானாவில் ஒரு சட்டத்தாலும் ஒரு பிரம்பாலும் சில ஆண்டுகளில் கெட்டதை மீட்க, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பொருளும் உழைப்பும் செலவாகின்றன. பிள்ளை வாயில் கொண்டுவரும் முதற்சொல்லை வகுப்பறை வாயிலிலேயே வரவேற்றிருந்தால், அச்செலவு நேர்ந்திராது.